ஆடி தவறினால் பாத்தி பாழா?

"ஆடியே போச்சு, இனிமே என்னத்தைப் போட்டு என்ன வெளையப் போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கோம்மா" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னபோது, என் கையில் ஒன்பது விதைப் பொட்டலங்கள் இருந்தன. ஐப்பசி பிறந்து நாலு நாள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததால் ஆடியும் ஆவணியும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவதிலேயே போய்விட்டன. கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. நாற்று கேட்கப் போன இடத்திலும் இதையேதான் சொன்னார்கள். எங்கள் திருச்சிப் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். நல்ல மழைக்காலத்தில் பாத்திகள் வெறுமனே கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பழமொழி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது முழுக்க உண்மை. யாருக்குச் சொன்னார்கள் என்பதைத்தான் மறந்துவிட்டோம். வானத்தை நம்பி விதைக்கிற மானாவாரிக்காரருக்குச் சொன்னது அது. ஆடி ஈரத்தில் முளைத்த பயிர், ஐப்பசி அடைமழைக்குள் வேர்பிடித்து நிமிர்ந்துவிட வேண்டும். இடையில் காய்ந்தால் ஊற்றுவதற்கு அங்கே தண்ணீர் கிடையாது. ஏக்கர் கணக்கில் சோளமும் பருத்தியும் போடுகிறவருக்குப் பட்டம் தவறினால் ஒரு வருஷச் சோறு தவறிப்போகும். பத்துக்குப் பத்தடிக் கொல்லையில் வாளியில் மொண்டு ஊற்றுகிறவருக்கு அந்த நெருக்கடி ஏது? அதே விவசாயிகள்தான் புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம், மாசிப் பட்டம், சித்திரைப் பட்டம் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடியோடு எல்லாம் முடிந்தது என்றால் இத்தனை பெயர் எதற்கு?

அடுத்து, வெயில் போதாது, பனியில் செடி வளராது என்பது. உறைபனி விழும் நாடுகளில் இது மறுக்க முடியாத பேச்சு. அங்கே ஒரே இரவில் தக்காளிச் செடி கருகிவிடும். நம் ஊரில் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைகளை விட்டால் உறைபனி கிடையாது. திருச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். சொல்லப்போனால் குளிர்ச்சியை வேண்டுகிற காய்கள் நிறைய. இரவிலும் சூடு தணியாத நாள்களில் தக்காளிப் பூ காய்பிடிக்காமல் உதிர்ந்துவிடும். ஐப்பசியில் விதைத்த தக்காளி மார்கழியில் பூக்கும். அந்தக் குளிர்ந்த இரவுகளில் பிஞ்சு நன்றாக நிற்கும். கொத்தமல்லிக்கும் பீட்ரூட்டுக்கும் காலிஃபிளவருக்கும் சமவெளியில் இதுதான் தோதான காலம். சின்ன வெங்காயத்துக்கு ஐப்பசியும் ஒரு நடவுக் காலம்தான். இவற்றையெல்லாம் 'தாமதம்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம்.

மூன்றாவது, அடைமழையில் நாற்று அழுகிவிடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. நானே ஒரு தட்டு கத்தரி நாற்றை இழந்திருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு இலையோடு நிமிர்ந்து நின்றது. காலையில் பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல்போலச் சுருங்கி, தண்ணீரில் ஊறிய பழுப்பு நிறத்தில், வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. நாற்றழுகல் நோய். மண்ணிலுள்ள பூஞ்சைதான் காரணம். தேங்கிய நீரும் நெருக்கமான விதைப்பும் அதற்கு வழிவிடுகின்றன. ஆகவே திருத்த வேண்டியது மாதத்தை இல்லை, வடிகாலை. மறுபடி விதைத்தபோது, பொடிமணல் கலந்த மண்புழு உரத்தைக் கண்ணில் துளை போட்ட கொட்டாங்குச்சிகளில் நிரப்பி, ஒன்றுக்கு இரண்டே விதை போட்டு, சாரல் படாத தாழ்வாரத்தில் வைத்தேன். நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடிப் பொடியையும் விதையோடு கலக்கலாம்; கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வேளாண் துறையினர் சொல்லும் அளவு. நம் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். கொல்லையில் பாத்தியை அரையடி உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் பறித்தேன். இருபத்தைந்தாம் நாள் நட்டேன். அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தும் ஒன்றுகூடச் சாயவில்லை.

பூச்சி அதிகம் வரும் என்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ, காய்ந்த சூடான நாள்களில்தான் பெருகும். கனமழை அதை அடித்துப் போட்டுவிடும். மழையிலும் பனியிலும் கவனிக்க வேண்டியது பூஞ்சை. இலைகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கட்டும், தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், சாயங்காலத்தில் இலையை நனைக்காதீர்கள்.

விளைச்சல் குறையும், பாடுபட்டது வீண் என்பது ஐந்தாவது. எந்தச் செடி என்று கேட்காமல் இதைச் சொல்லக்கூடாது. சிறுகீரையைப் போட்ட மூன்று, நாலு வாரத்தில் பிடுங்கிவிடலாம். முள்ளங்கிக்கு ஆறு, ஏழு வாரம். வெண்டை ஐம்பது நாளுக்குள் முதல் காயைக் கொடுத்துவிடும். ஐப்பசி முதல் வாரம் விதைத்தால் இவை மூன்றும் பொங்கலுக்கு முன்னாலேயே சமையலறைக்கு வந்துவிடுகின்றன. அதுவும் காய் விலை ஏறுகிற நேரத்தில். 2021 நவம்பரில் மழையால் வரத்துக் குறைந்து, சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதத்தில் வீட்டு வாசலில் பறித்த ஒரு கைப்பிடி கீரைக்கு இருக்கிற மதிப்பை விளைச்சல் கணக்கு மட்டும் காட்டாது.

அத்தை சொன்னது முழுக்கச் சரியாகிற இடமும் உண்டு. பந்தல் அவரையும் மொச்சையும் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்ட கொடி பந்தலை மூடிப் படர்ந்த பிறகு பூவெடுத்துக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். ஐப்பசியில் போட்டால் கொடி பந்தலேறும் முன்பே பூத்துவிடும். அந்தச் சின்னக் கொடியில் எத்தனை காய் நிற்கும்? தை கடந்து போட்டாலோ கோடை முழுக்க இலையும் கொடியுமாக ஓடும், பூவே இருக்காது. ஆடி விட்டவர்கள் பந்தல் அவரையை விட்டுவிட்டுச் செடி அவரையோ கொத்தவரையோ போடலாம். சேனையும் மஞ்சளும் எட்டு ஒன்பது மாதம் மண்ணில் கிடக்க வேண்டியவை. அவற்றைச் சித்திரை, வைகாசிக்குத் தள்ளி வைப்பதுதான் முறை. இரண்டு பந்தல் கொடிக்கும் இரண்டு கிழங்குக்கும் சொல்ல வேண்டியதைக் கொல்லை முழுவதற்கும் சொல்லிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கடைசியாக, ஆடிக்கு வாங்கிய விதை இனி முளைக்காது என்பார்கள். இதைச் சொல்லி மறுக்கவே வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஈரத் துணியில் வகைக்குப் பத்து விதைகளைப் பரப்பிச் சுருட்டி, ஒரு டப்பாவில் போட்டு, சமையலறை மூலையில் வைத்தேன். தக்காளியில் ஏழாம் நாள் எட்டு முளைத்திருந்தன, கத்தரியில் பத்தாம் நாள் ஏழு. போன வருஷத்து வெங்காய விதையில் ஒன்றுகூட இல்லை. வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. அதைக் கொட்டிவிட்டு, கூடையின் அடியில் தானாகவே முளைவிட்டிருந்த சின்ன வெங்காயங்களைப் பொறுக்கி, அன்றைக்கே ஓரப் பாத்தியில் ஊன்றினேன். நாலாம் நாள் சுவரோரம் வந்து நின்ற அத்தை, பச்சை முனைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்தக் கீரை வெதையில கொஞ்சம் மிச்சம் இருந்தா குடும்மா" என்றார்.