டூருக்கு ஒரு குட்டி கேமரா... எதை வாங்கலாம் பாஸ்?

செமஸ்டர் ஓவர். வீட்ல ஊட்டியா, ராமேஸ்வரமான்னு பட்டிமன்றம் சூடா நடந்துக்கிட்டிருக்கு. நடுவுல அப்பா உங்க பக்கம் திரும்பி, ‘‘நீதான் காலேஜ் படிக்கிறியே... டூருக்கு ஒரு சின்ன கேமரா பாரேன். பதினைஞ்சாயிரத்துக்குள்ள இருக்கட்டும்’’னு சொல்றார். அவ்ளோதான்! குடும்பத்தோட டெக்னிக்கல் அட்வைஸர் போஸ்ட் உங்க தலையில விழுந்தாச்சு. சொதப்பினா, அடுத்த பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு கல்யாண வீட்லயும் சொல்லிக் காட்டுவாங்க. அதனால கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஹோம்வொர்க் பண்ணிடுவோம்.

முதல்ல, கேமரா வேணுமா?

கேமரா பத்தின பத்தியில இப்படி ஒரு கேள்வியான்னு கேக்காதீங்க. இதுதான் முக்கியமான கேள்வி.

2010-ல் ஜப்பான் கம்பெனிகள் உலகம் முழுக்க அனுப்பின டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேலே. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துடுச்சு. மிச்சத்தை முழுங்கினது யாருன்னு தெரிஞ்சுக்க உங்க பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாலே போதும். செல்போன்!

காரணம் சிம்பிள். விலை குறைஞ்ச காம்பாக்ட் கேமரா பலதுலயும் இருக்கிறது 1/2.3 இன்ச் சென்ஸார். பேர் பெருசு, ஆள் சிறுசு. அதோட பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர்தான். இன்னிக்கு நிறைய போன்களோட மெயின் கேமராவுல இதைவிடப் பெரிய சென்ஸார் இருக்கு. சென்ஸார்தான் வெளிச்சத்தைப் பிடிக்கிற பாத்திரம். பாத்திரம் பெருசா இருந்தா மழைத்தண்ணி அதிகமா பிடிக்குமில்லையா... அதே கணக்குதான். போதாக்குறைக்கு, ராத்திரியில போன் பல படங்களை டக்டக்குனு எடுத்து, ஒண்ணா ஒட்டி அழகாக்கிக் காட்டிடுது. சின்ன கேமராவுக்கு அந்த வித்தை அவ்வளவா வராது.

அப்புறம் எதுக்குக் கேமரா? மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, நிஜமான ஜூம். போட் ஹவுஸ்ல தூரத்துப் படகுல இருக்கிற தம்பியோட முகம் தெளிவா வேணும்னா லென்ஸ் நகர்ந்து கிட்டப் போகணும். பட்ஜெட் போன்கள்ல ஜூம் பண்ணினா, படத்தை வெட்டிப் பெருசாக்கித்தான் காட்டும்.

ரெண்டு, நிஜமான ஃப்ளாஷ். போன்ல இருக்கிறது டார்ச் லைட். கேமராவுல இருக்கிற செனான் ஃப்ளாஷ் ஒரு மின்னல். மூணு நாலு மீட்டருக்குள்ள ஆடுற பசங்களைக்கூட உறைய வெச்சுடும்.

மூணாவதுதான் பெரிய மேட்டர். உங்க போனை நீங்க யார்கிட்டயாவது கொடுப்பீங்களா? அத்தைப் பையன் கையில அஞ்சு நிமிஷம் கொடுத்தாலே வேர்த்துடும்! ஆனா, கேமரா குடும்பத்துக்குப் பொதுச்சொத்து. பாட்டி கையிலயும் கொடுக்கலாம், எட்டு வயசு வாண்டு கையிலயும் கொடுக்கலாம். நடுவுல மெசேஜ் வராது, ரீல்ஸ் ஓடாது.

இந்த மூணும் உங்களுக்குத் தேவையில்லைன்னா, தாராளமா போன்லயே எடுங்க. அப்பா கொடுக்கிற பணத்துல ஒரு ராத்திரி நல்ல ஹோட்டல்ல தங்கலாம். தேவைன்னா, மேலே படிங்க.

மெகாபிக்ஸல் மயக்கம்

‘‘இது 16, அது 20, இதையே எடுத்துக்குங்க சார்’’னு கடைக்காரர் சொல்வார். மயங்காதீங்க. ஆல்பத்துல ஒட்டுற 6க்கு 4 இன்ச் பிரின்ட்டுக்கு, இன்ச்சுக்கு 300 புள்ளின்னு கணக்குப் போட்டா 1,800 x 1,200. பெருக்கினா 21 லட்சத்து அறுபதாயிரம், அதாவது ரெண்டே ரெண்டு மெகாபிக்ஸல் சொச்சம்! சுவத்துல மாட்டுற 12க்கு 8 இன்ச் படத்துக்கே ஒன்பது இருந்தாப் போதும். இன்னிக்கு விக்கிற பெரும்பாலான கேமராக்கள் இதைத் தாண்டினதுதான். அதனால அந்த நம்பரை மறந்துட்டு, வேற ரெண்டு நம்பரைப் பாருங்க. அது லென்ஸ் மேலயே எழுதியிருக்கும்.

லென்ஸ் சொல்ற ரகசியம்

முதல் நம்பர், எவ்வளவு அகலமாப் பாக்கும்ங்கிறது. ஸ்பெக்ல ‘24 எம்.எம்.’ இல்லைன்னா ‘28 எம்.எம்.’னு போட்டிருப்பாங்க. நாலு எம்.எம்.ல என்ன வந்துடப் போகுதுன்னு நினைக்கலாம். ரெண்டு மீட்டர் தூரத்துல நின்னு குரூப் போட்டோ எடுத்தா, 24-ல மூணு மீட்டர் அகலம் அடங்கும். 28-ல சுமார் 2.6 மீட்டர்தான். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றரை அடி. ஒரு ஆள் நிக்கிற இடம்! ரயில் பெட்டியிலயோ, ஹோட்டல் ரூம்லயோ பின்னாடி நகர இடம் இருக்காது. அந்த ஒன்றரை அடியில வெட்டுப்படறது யாரு தெரியுமா? பெரும்பாலும் ‘நான் எதுக்குப்பா’ன்னு ஓரமா ஒதுங்கி நிக்கிற பாட்டிதான்.

ரெண்டாவது நம்பர், எஃப் நம்பர். இது சின்னதா இருந்தா லென்ஸோட கண் பெருசுன்னு அர்த்தம். எஃப்/3.6-7.0னு போட்டிருந்தா, ஜூம் பண்ணாதப்ப 3.6, முழுசா ஜூம் பண்ணினா 7.0. அப்ப உள்ளே வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்காக் குறைஞ்சுடும். வெயில்ல பிரச்னையில்லை. சாயங்காலத்துல முழு ஜூம் போட்டா, படம் சொரசொரன்னு வரும், இல்லைன்னா கலங்கிடும். ‘30 எக்ஸ் ஜூம்’னு விளம்பரத்தைப் பார்த்து குதிக்கிறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. ‘டிஜிட்டல் ஜூம்’னு எழுதியிருந்தா அந்த நம்பரைக் கணக்குலயே சேர்க்காதீங்க. ‘ஆப்டிகல்’ மட்டும்தான் நிஜம்.

இன்னொண்ணு, இமேஜ் ஸ்டெபிலைசேஷன். உங்க கை நடுக்கத்தை இது சமாளிக்கும். ஆனா, ஓடுற குழந்தையை நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் வேகம் வேணும். மெனுவுல ‘ஸ்போர்ட்ஸ்’ இல்லைன்னா ‘கிட்ஸ்’ மோட் இருந்தா, அதுக்கு மாத்திட்டு எடுங்க.

மார்க்கெட்ல என்ன இருக்கு?

கேனான் இக்ஸஸ் 285 ஹெச்.எஸ்.: 2016-ல் வந்த மாடல். 25 எம்.எம்.ல ஆரம்பிக்குது, 12 எக்ஸ் ஜூம், சட்டைப் பையில அடங்கும். பழைய டிஜிட்டல் கேமரா திரும்ப ஃபேஷன் ஆனதும், 2025-ல் கேனான் இதையே லேசா மாத்தி மறுபடி கொண்டு வந்துச்சு. காமெடி என்னன்னா, 2016-ல் அமெரிக்காவுல சுமார் 210 டாலருக்கு வித்த சாமான், 2025-ல் சுமார் 380 டாலர்! பேர்ல மட்டும் பின்னாடி ஒரு ‘ஏ’ சேர்ந்திருக்கு.

கோடக் பிக்ஸ்ப்ரோ எஃப்.இஸட். 45, 55: பட்ஜெட் வரிசையில இருக்கிற ஆளுங்க. 45-ல ரெண்டு பென்சில் பேட்டரி போதும். மலைமேல கரன்ட் இல்லைன்னாலும் பொட்டிக்கடையில பேட்டரி கிடைக்கும். ஆனா, பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. நம்ம தாத்தா காலத்து ஃபிலிம் கோடக், 2012 ஜனவரியில திவால் மனு போட்ட கம்பெனி. அந்தப் பேரை லைசென்ஸ் வாங்கி ஜே.கே. இமேஜிங்ங்கிற கம்பெனி இந்தக் கேமராக்களை விக்குது. படம் ‘ஓகே’ ரகம். அதுக்குமேல எதிர்பார்க்காதீங்க.

பானசோனிக் லூமிக்ஸ் டி.இஸட். 99: 2025-ல் வந்தது. 24 எம்.எம்., 30 எக்ஸ். டூருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஆனா, அப்பா சொன்ன பட்ஜெட்ல இது அடங்காது. சென்ஸாரும் அதே குட்டி சென்ஸார்தான்.

சோனி ஆர்.எக்ஸ். 100, முதல் மாடல்: 2012-ல் வந்தது. இதுல இருக்கிறது ஒரு இன்ச் சென்ஸார். பரப்பு சுமார் 116 சதுர மி.மீ., குட்டி சென்ஸாரைப் போல நாலு மடங்கு! லென்ஸும் எஃப்/1.8-ல ஆரம்பிக்குது. ஜூம் கம்மி, 28-ல இருந்து 100 வரைக்கும்தான். நல்ல கண்டிஷன்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கிடைச்சா, புதுசா ஒரு மட்டமான கேமரா வாங்கறதைவிட இது பெட்டர்.

செகண்ட் ஹேண்ட்: கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு!

ரிச்சி ஸ்ட்ரீட்டோ, காந்திபுரமோ, சீனியர் அண்ணாவோட ரூமோ... எங்க வாங்கினாலும் இதைச் செய்யுங்க.

* சொந்தமா ஒரு மெமரி கார்டு எடுத்துட்டுப் போங்க. அங்கயே இருபது படம் எடுங்க. ‘வேலை செய்யுது தம்பி’ங்கிற வார்த்தையை நம்பாதீங்க.
* ஆன், ஆஃப் பத்து தடவை. லென்ஸ் வெளியே வரும்போது ‘கரகர’ன்னு சத்தம் வந்தா உள்ளே மண்ணு. கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.
* வெள்ளைச் சுவத்தை முழு ஜூம்ல எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல கறுப்புப் புள்ளி இருந்தா, தூசி உள்ளே குடியேறிடுச்சு.
* பேட்டரியைக் கழட்டிப் பாருங்க. லேசா உப்பியிருந்தா வேண்டாம். புதுசு கிடைக்குமான்னு விசாரிச்சுட்டு விலை பேசுங்க.
* எந்த கார்டு? எக்ஸ்.டி. கார்டு, பழைய மெமரி ஸ்டிக் போடுற கேமராவா இருந்தா ஒதுங்கிடுங்க. அந்தக் கார்டைத் தேடியே லீவு முடிஞ்சுடும். ரொம்பப் பழைய எஸ்.டி. கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேல ஏத்துக்காது.
* பில் கேளுங்க. கல்லூரி ஹாஸ்டல்ல திருடு போன கேமராவை நீங்க வாங்கிடக் கூடாது.

சில்லறைச் செலவு, பெரிய விஷயம்

பட்ஜெட் மொத்தத்தையும் கேமராவுக்கே கொட்டாதீங்க. ரெண்டாவது பேட்டரி கட்டாயம். பாக்ஸ்ல எழுதியிருக்கிற ‘இத்தனை படம்’ங்கிற கணக்கு, 23 டிகிரி ரூம்ல டெஸ்ட் பண்ணினது. தொட்டபெட்டா குளிர்ல அது குறையும். மெலிசான கேமராக்கள்ல அந்தக் கணக்கே சுமார் 200 படம்தான்.

கார்டு விஷயத்துல 32 ஜி.பி., கிளாஸ் 10 போதும். ‘256 ஜி.பி. இருநூறு ரூபாய்’னு யாராவது கொடுத்தா அது டூப்ளிகேட். உள்ளே கொஞ்சம்தான் இடம் இருக்கும். படம் ஏறின மாதிரி காட்டிட்டு, வீட்டுக்கு வந்ததும் திறக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூங்கிற இலவச சாஃப்ட்வேரை கம்ப்யூட்டர்ல ஓட்டினா போலி கார்டு மாட்டிக்கும். கிளம்பறதுக்கு முந்தின நாளே செஞ்சுடுங்க.

டூர்ல இருக்கும்போது...

ராமேஸ்வரம் கடற்கரையில மண்ணும் உப்புக்காத்தும்தான் வில்லன். வெளியே நீள்ற லென்ஸுக்குள்ள ஒரே ஒரு மணல் போனாக்கூட மோட்டார் காலி. எடுத்து முடிச்சதும் ஆஃப் பண்ணி உறைக்குள்ள போட்டுடுங்க. ஏ.சி. ரூம்ல இருந்து வெளிப்புழுக்கத்துக்கு வரும்போது லென்ஸ்ல ஆவி படியும். ஜிப் கவர்ல போட்டு அரை மணி நேரம் விட்டா சரியாயிடும்.

ஊட்டி மலை ரயில்ல போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். வழியில 16 குகை. இருட்டுல இருந்து வெளியே வர்ற அந்த நொடிக்கு கேமராவைத் தயாரா ஆன் பண்ணி வெச்சுக்குங்க. கை, தலை ரெண்டும் ஜன்னலுக்கு உள்ளேயே இருக்கட்டும். கோயில்கள்ல வாசல் போர்டைப் படிங்க. 2022 டிசம்பர்ல ஐகோர்ட் மதுரைக் கிளை கோயில்களுக்குள்ள செல்போன் கூடாதுன்னு சொல்லியிருக்கு. ‘இது போன் இல்லை சார், கேமரா’ன்னு அங்க போய் சட்டம் பேசாதீங்க!

கேமராவுல தேதி, நேரம் சரியா செட் பண்ணிடுங்க. இல்லைன்னா எல்லாரோட போன் படத்தோடயும் சேர்க்கும்போது, ஊட்டிக்கு நடுவுல 2016 ஜனவரி வந்து நிக்கும்.

ஆல்பத்துல காணாமப் போனவங்க

உங்க வீட்டுப் பழைய ஆல்பத்தை இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை புரட்டுங்க. யாரோ ஒருத்தர் எல்லா டூர்லயும் மிஸ்ஸிங்கா இருப்பாங்க. சில வீட்ல அப்பா, ஏன்னா அவர்தான் எடுத்திருப்பார். சில வீட்ல அம்மா, ஏன்னா அவங்க பையைப் பார்த்துக்கிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க. அந்த நாள்ல அவங்களும் இருந்தாங்கங்கிறதுக்கு இப்ப சாட்சியே இல்லை.

எந்த மாடலை வாங்கினாலும் செல்ஃப் டைமர் எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க. கேமராவை ஒருநாள் அம்மா கையில, ஒருநாள் தாத்தா கையில கொடுங்க. அவங்க எடுக்கிற படம் கோணலா இருக்கும், தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும். அழிக்காதீங்க. அவங்க கண்ணுக்கு நீங்க எப்படித் தெரியறீங்கங்கிறது அதுல மட்டும்தான் இருக்கும்.

திரும்பி வந்ததும் படங்களை ரெண்டு இடத்துல காப்பி எடுங்க. அதுல ஐம்பதைப் பொறுக்கி பிரின்ட் போட்டு பாட்டிகிட்ட கொடுங்க. பாட்டிக்கு பாஸ்வேர்டு தெரியாது. ஆல்பம் திறக்க பாஸ்வேர்டும் தேவையில்லை.

ஹேப்பி டூர், பாஸ்!