கீழ்நாட்டு உபசாரமும் வெனிஸ் கண்ணாடியும்

முரானோத் தீவின் உலைகளில் உருவான பன்னீர்ச் செம்புகளை ஐரோப்பியக் கலையின் சாதனையென்று மாத்திரம் பாராட்டி, அவற்றில் கீழ்நாட்டாருக்குள்ள பங்கைச் சொல்லாமல் விடுவது, கற்றறிந்தோரே கைக்கொண்ட சம்பிரதாயமாயினும், நியாயமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தீ விபத்துக்கு அஞ்சிய வெனிஸ் குடியரசு 1291-இல் தன் கண்ணாடி உலைகளை அத்தீவுக்கு அப்புறப்படுத்தியதும், பதினைந்தாம் நூற்றாண்டின் மத்தியில் ஆஞ்செலோ பரோவியர் ஸ்படிகத்தை ஒத்த நிர்மலமான கண்ணாடியை வார்த்ததும் சரித்திரம் படித்தோர் அறிந்தவையே. ஆனால் அக்கண்ணாடிக்குத் திச்சீனோ ஆற்றின் வெண்கூழாங்கல் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமாயிருந்தது சிரியா தேசத்திலிருந்து கப்பலேறி வந்த உவர்ச்செடிச் சாம்பல்.

அத்தகைய செம்பொன்றைக் கிட்ட நின்று பார்த்தால், பால்போன்ற வெள்ளை இழைகள் பருத்த வயிற்றில் இடைவெளி விட்டுச் சுழன்று, நீண்ட கழுத்தில் ஏற ஏற ஒன்றையொன்று நெருங்கி, மயிரிழையாக மெலிவதைக் காணலாம். அவை மேலே தீட்டியவை அல்ல; வெள்ளை இழை பொதிந்த கண்ணாடிக் கோல்களை முறுக்கி, அருகருகே அடுக்கி, உலையில் உருக்கி இணைத்து, குழலில் சுற்றியெடுத்து ஊதி, கழுத்தை இழுத்து நீட்டுகையில் இழைகளும் கூடவே நீண்டு மெலிகின்றன. அந்த ஒடுங்கிய கழுத்தோ வெறும் அலங்காரமன்று: உதறும்போது பன்னீர் கொட்டிவிடாமல் துளித்துளியாகச் சிதறவேண்டும் என்ற தேவையிலிருந்து, பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் முன்பே பிறந்த வடிவம் அது. ஸ்பெயினின் கதலோனியாவில் வெனிஸ் பாணியில் செய்த, பல சிறு மூக்குகளுடைய பன்னீர்ப் பாத்திரமும் அரபு மரபின் வாரிசே.

வாங்குவோரின் ரசனைக்கு வெனிஸ் எவ்வளவு செவிசாய்த்தது என்பதற்கு, 1569-இல் துருக்கியப் பிரதம மந்திரி சொக்கொல்லு மெஹ்மெத் பாஷா, வெனிஸ் தூதர் மார்க்கந்தோனியோ பார்பரோ மூலமாக, மாதிரிச் சித்திரத்துடன் 900 மசூதி விளக்குகள் கேட்டனுப்பியதே போதிய சாட்சி.

ஆகையால், இச்செம்புகளைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலைகள், துருக்கியர் வெள்ளியிலும் பொன்முலாம் பூசிய தாமிரத்திலும் செய்தவற்றையும் அதே பேழையில் வைத்து, விருந்தினருக்குப் பன்னீர் தெளித்து அகிற்புகை காட்டிய உபசாரத்தையும், சிரியாவின் சாம்பலையும் விவரப் பலகையில் எழுதவேண்டும். பன்னீர்ச் செம்பை எடுத்து நீட்டிக் கல்யாணத்துக்கு வந்தோரை வரவேற்கும் நம்மவர்க்கு அந்த விவரம் நீண்ட வியாக்கியானமின்றியே விளங்கும். மற்றவர்க்குத்தான் அது எழுதப்படவேண்டும்.