டவரே இல்லாத ஏர்போர்ட்... விமானிகள் ரேடியோவில் யாரிடம் பேசுகிறார்கள்? ஒரு தவறான பதிலால் 14 உயிர் போன கதை

விமானம் தரையிறங்க வேண்டுமென்றால் கண்ட்ரோல் டவரிலிருந்து அனுமதி வர வேண்டும். சினிமாவில் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப்போன காட்சி இது. ஆனால் அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் உள்ள சுமார் 5,000 விமான நிலையங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில்தான் டவர் இருக்கிறது. மற்ற இடங்களில் "இறங்கலாம்" என்று சொல்ல ஆளே கிடையாது. டவர் இருக்கும் சில ஊர்களிலும் ராத்திரி ஆனால் அதைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படின்னா யார் முதலில் இறங்குவது, யார் காத்திருப்பது? விமானிகளே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்கிறார்கள். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் நாம் ஹார்ன் அடித்து, கை காட்டிப் போகிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. ஒரே வித்தியாசம், பறக்கும் விமானத்தை நடுவழியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க முடியாது.

எப்படிப் பேசுகிறார்கள்?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு பொது அலைவரிசை உண்டு. சுமார் 10 மைல் தொலைவில் வரும்போதே விமானி அதில் பேசத் தொடங்க வேண்டும். யாரையும் கேள்வி கேட்பதில்லை, அறிவிப்பு மட்டும்தான். "குயின்சி டிராஃபிக், இது செஸ்னா இன்ன எண், ரன்வே 13-க்கு டவுன்விண்டில் இருக்கிறேன், குயின்சி" என்பது மாதிரி. ஊர் பெயரை முதலிலும் கடைசியிலும் இரண்டு முறை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் பலவும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. 50 மைல் தள்ளி இறங்குபவரின் குரலும் நம் காதில் விழும். எந்த ஊர் என்று தெரியாவிட்டால் இல்லாத விமானத்தை வானத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த ரேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் மற்றவர்களுக்குக் கீச்சென்ற சத்தம்தான் கேட்கும். பேசிய இருவருக்கும் தங்கள் பேச்சு போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. அதனால்தான் முதலில் கொஞ்சம் கேள், பிறகு பேசு, சுருக்கமாகப் பேசு என்பது இங்கே மரியாதை. உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த அடையாளங்களைச் சொல்வதும் உதவாது. "பழைய மில்லுக்கு மேலே வந்துட்டேன்" என்றால் வெளியூர் விமானிக்கு என்ன புரியும்?

எல்லோரையும் எரிச்சலூட்டும் இன்னொரு பழக்கமும் உண்டு. வந்தவுடன் "இந்தப் பகுதியில் யாராவது இருந்தால் சொல்லுங்க" என்று கேட்பது. கேட்பதற்குப் பணிவாகத் தெரியும். ஆனால் அதுவரை கவனிக்காமல் வந்துவிட்டு, ஏற்கெனவே அறிவித்தவர்களையெல்லாம் இவருக்காக மறுபடி சொல்ல வைக்கிறது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் மீண்டும் அதே கீச்சு. இந்த வாக்கியத்தை எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் வழிகாட்டி. இருந்தும் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

1996: குயின்சியில் நடந்தது என்ன?

இதெல்லாம் வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயமா என்று கேட்டால், இலினாய் மாநிலத்தின் குயின்சி நகரைப் பார்க்க வேண்டும்.

1996 நவம்பர் 19, மாலை 5 மணி. இருட்டத் தொடங்கிய நேரம். யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானம் 10 பயணிகள், 2 விமானிகளுடன் ரன்வே 13-ல் இறங்க வந்துகொண்டிருந்தது. அந்த ரன்வேயைக் குறுக்கே வெட்டும் ரன்வே 4-ன் முனையில் இரண்டு சிறிய விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன. முன்னால் ஒரு கிங் ஏர். அதற்குப் பின்னால் ஒரு செரோக்கி.

இறங்க வந்த கேப்டன் தன் வேலையைச் சரியாகவே செய்தார். திரும்பத் திரும்ப அறிவித்தார். ஒரு படி மேலே போய், "ரன்வே 4-ல் இருக்கும் விமானம் அங்கேயே நிற்கப் போகிறதா, புறப்படப் போகிறதா?" என்று நேரடியாகவே கேட்டார்.

கிங் ஏர் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற செரோக்கி விமானி பதில் சொன்னார். தன் பதிவு எண்ணைச் சொல்லி, புறப்படுவதற்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் இறங்கும் விமானத்தின் காக்பிட்டில் "200" என்று தானியங்கி உயர எச்சரிக்கை ஒலித்தது. பேச்சின் நடுப்பகுதி அதில் மறைந்துபோனது. கடைசியில் "கிங் ஏர்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

கிங் ஏரே நிற்பதாகச் சொல்கிறது என்று நினைத்த கேப்டன் நன்றி சொல்லிவிட்டுத் தரையிறங்கினார். கிங் ஏர் ஓடத் தொடங்கியது. இரண்டு ரன்வேக்களும் சந்திக்கும் இடத்தில் மோதல்.

மோதலில் யுனைடெட் விமானத்துக்குள் இருந்தவர்கள் உயிருடன்தான் இருந்தார்கள். ஓடி வந்தவர்கள், அவர்களும் விமானிகள்தான், கதவைத் திறக்கப் போராடினார்கள். திறக்கவில்லை. விமான நிலையத்தில் தீயணைப்பு ஆட்கள் இல்லை. நகரத்திலிருந்து வண்டி வந்து சேரக் கிட்டத்தட்ட 14 நிமிடம் ஆனது. அந்த விமானத்தில் 12 பேர், கிங் ஏரில் 2 பேர், மொத்தம் 14 பேரும் இறந்தார்கள்.

கிங் ஏரில் இருந்தவர்கள் பொது அலைவரிசையைச் சரியாகக் கவனிக்காததும், அல்லது சுற்றிலும் பார்க்காததுமே காரணம் என்றது விசாரணை நடத்திய என்.டி.எஸ்.பி. செரோக்கியின் தடைபட்ட பதிலையும், திறக்காத கதவையும், தீயணைப்பு வசதி இல்லாததையும் உடன் காரணங்களாகச் சேர்த்தது.

செரோக்கி விமானி கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று உதவத்தான் நினைத்திருப்பார். ஆனால் கேள்வி அவரைப் பார்த்துக் கேட்கப்பட்டது அல்ல. அவர் தன் எண்ணைச் சொன்னார் என்பதும், அது கிங் ஏரின் எண் அல்ல என்பதும் பதிவில் தெளிவாக இருக்கிறது. தரையைத் தொட சில விநாடிகளே இருக்கும்போது அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்? அந்த இடத்தில் பதிலே வராமல் இருந்திருந்தால் கேப்டன் சந்தேகப்பட்டு மேலே எழும்பியிருக்கலாம். மௌனத்தைவிட அந்தப் பதில்தான் ஆபத்தாகிப்போனது.

ரேடியோவைக் கட்டாயமாக்கினால் போதாதா?

இந்த மாதிரி நிலையங்களில் பெரும்பாலும் ரேடியோ சட்டப்படி கட்டாயமே இல்லை. மின்சார அமைப்பே இல்லாத பழைய பைப்பர் கப் மாதிரி விமானங்கள் இன்றும் பறக்கின்றன. கனடாவில் டவர் இல்லாத சில நிலையங்களில் ரேடியோ தொடர்பு கட்டாயம். அதுபோல அமெரிக்காவிலும் வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குயின்சியில் மூன்று விமானங்களிலும் ரேடியோ இருந்தது.

2022 ஆகஸ்ட் 18, கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் விபத்திலும் இதே கதைதான். சிறிய செஸ்னா 152 ஒன்று சுற்றுப்பாதையில் முறைப்படி வந்து திரும்பிக்கொண்டிருந்தது. இரட்டை என்ஜின் செஸ்னா 340 சுற்றாமல் நேராக ரன்வேயை நோக்கி, மணிக்கு சுமார் 330 கி.மீ. வேகத்தில் வந்தது. இரண்டு பேரும் அலைவரிசையில் அறிவித்தார்கள். நீ ரொம்ப வேகமாக நெருங்குகிறாய், நான் இறங்காமல் மேலே போய்விடுகிறேன் என்று சின்ன விமானத்தின் விமானி சொன்னார். சில விநாடிகளில் மோதல், 3 பேர் பலி. "நேராக வருகிறேன்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டால் வழி நமக்குச் சொந்தமாகிவிடும் என்ற நினைப்பு விமானிகள் பலரிடம் இருக்கிறது. விதியில் அப்படி எதுவும் இல்லை.

குயின்சிக்குப் பிறகு மாறிய ஒன்று உண்டு. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ள சிறிய பயணிகள் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களையும் பாதுகாப்புச் சான்றிதழ் விதிக்குள் 2004-ல் கொண்டுவந்தார்கள். ரேடியோ பழக்கத்துக்கு 2023-ல் எஃப்.ஏ.ஏ. புதுப்பித்த சுற்றறிக்கை இருக்கிறது. நேராக இறங்க வருபவர், சுற்றுப்பாதையில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் அது ஆலோசனைதான், சட்டம் அல்ல.