ஆற்றங்கரைக் கிராவலும் ஞாயிற்றுக்கிழமைப் பயணிகளும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'கிராவல்' என்பதை ஆங்கிலச் சொல் என்று எவரும் நினைப்பதில்லை. 'கரைக்குக் கிராவல் அடிச்சாச்சா?' என்பது ஊராட்சித் தலைவரிடம் ஊரார் கேட்கும் வழக்கமான கேள்வி. வண்டலும் களியுமான டெல்டாவில் கல் கிடைப்பதில்லை. தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் போன்ற மேட்டுநிலங்களில் வெட்டியெடுத்த செம்மண் சரளைதான் டிப்பர் லாரிகளில் வந்து ஆற்றுக் கரைகளில் பரப்பப்படுகிறது. இதே சொல் இன்று மேலைநாடுகளில் ஒரு பொழுதுபோக்கின் பெயராகியிருக்கிறது. அகன்ற டயர் பூட்டிய சைக்கிளில், தார் போடாத நாட்டுப்புறச் சாலைகளைத் தேடிச்சென்று ஓட்டுவதை அங்கே கிராவல் என்கிறார்கள். அப்படி ஓட்டுவோர் ஒருமுறையேனும் போய்வர விரும்பும் இடம் இத்தாலியின் டஸ்கனி.

கல்லூரி ஆசிரியர்களான நாங்கள் மூவர் சில ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் சைக்கிளில் கிளம்புகிறோம். தஞ்சை வெண்ணாற்றங்கரையில் ஏறி, மேற்கே தென்பெரம்பூர் நீரொழுங்கி வரை செல்வோம். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரியும் இடம் அது. நேரமிருந்தால் குடமுருட்டி பிறக்கும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கமும் போவதுண்டு. டஸ்கனிக்குக் குன்றுகள் இருக்கின்றன. நமக்கு இருக்கும் ஒரே மேடு இந்தக் கரைதான். ஆயினும் அந்த ஆளுயர மேட்டில் ஏறினால் போதும், இருபுறமும் நடவு வயல், இடையிடையே மருதமும் நாவலும் புங்கனும், தெளிந்த நாளென்றால் தொலைவில் பெரிய கோயில் விமானம் என்று நாடே கண்ணுக்குள் வந்துவிடும். இந்தக் கரைகளில் ஒவ்வொன்றாகத் தாரும் சிமெண்டும் ஏறிவருவதைக் கண்டு நாங்கள் வருந்தியதுண்டு. அந்த வருத்தம் எந்த அளவுக்கு நியாயமானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

டஸ்கனியின் மண்சாலைகளை அங்கே 'வெள்ளைச் சாலைகள்' என்று அழைக்கிறார்கள். சுண்ணாம்புச் சரளையின் நிறத்தால் வந்த பெயர். கியாந்திக் குன்றுகளில் உள்ள கயோலே என்னும் சிற்றூரில், 1997இல் ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 'எரோயிகா' என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். 1987க்கு முன் செய்த பழைய இரும்பு சைக்கிள்களில், பழைய பாணி உடையில், வெள்ளைச் சாலைகளில் ஓட்ட வேண்டும் என்பது அதன் விதி. வேடிக்கைபோல் தோன்றும் இதற்குள் ஒரு தெளிவான நோக்கம் இருந்தது. தாருக்கு இரையாகிக்கொண்டிருந்த சாலைகளுக்கு ஒரு பயனைக் காட்டி அவற்றைக் காப்பாற்றுவதே அது. ஆண்டு முழுவதும் எவரும் ஓட்டிப்பார்க்கும்படி வழிகாட்டிப் பலகைகளுடன் நிலையான தடமும் அமைந்தது. 2007இல் அதே சாலைகளில் தொழில்முறை வீரர்களுக்கான போட்டி ஒன்றும் தோன்றியது. சியேனா நகரின் பழைய சதுக்கத்தில் முடியும் அந்தப் போட்டியின் பெயரே 'வெள்ளைச் சாலைகள்'தான். கண்டுகொள்ளப்படாமல் கிடந்த மண்சாலை இன்று ஊருக்கு வருமானமும் பெருமையும் தருகிறது.

இதைப் படித்தவுடன் 'நாமும் இப்படிச் செய்தாலென்ன?' என்று தோன்றுவது இயல்பு. எங்களுக்கும் தோன்றியது. ஆனால் அந்த வெள்ளைச் சாலைகள் ஏன் தாரில்லாமல் எஞ்சின என்று கேட்டால் வேறொரு கதை வருகிறது. டஸ்கனி நெடுங்காலம் வாரக் குத்தகையில் பயிர்செய்த நாடு. விளைச்சலில் ஏறத்தாழப் பாதி நிலவுடைமையாளருக்கு, பாதி உழுத குடும்பத்துக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் குடும்பங்கள் ஆலைவேலை தேடி நகரங்களுக்குக் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்தன. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களையே சட்டம் தடைசெய்தது. பண்ணைவீடுகள் பல பூட்டிக்கிடந்தன. பின்னர் அவற்றுள் பலவற்றை நகரத்தாரும் வெளிநாட்டாரும் வாங்கினர். தார் கேட்டுப் போராட ஆளில்லாத இடங்களில் மண்சாலை மண்சாலையாகவே நின்றது. ஊர் ஒழிந்ததால் பாதை பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

நம் டெல்டா அப்படி ஒழிந்துபோன நாடன்று. வாரமும் குத்தகையும் பண்ணையாள் முறையும் இங்கேயும் இருந்தன. குத்தகைதாரருக்கும் பண்ணையாட்களுக்கும் 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்ட பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். தலித் இளைஞர் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டே ஊர்த்தெருவைக் கடக்க வேண்டியிருந்த காலத்தை நினைவுகூரும் முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் உழைத்த மக்கள் பெரும்பாலும் இங்கேயே வாழ்கிறார்கள். அவர்களின் குடியிருப்புக்குப் போகும் வழி பல இடங்களில் இந்தக் கரைதான்.

இதை எங்களுக்கு உறைக்கச் சொன்னவர் ஓர் அம்மையார். ஓர் ஐப்பசி ஞாயிற்றில், புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு எங்கள் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தாண்ட நல்ல ரோடு கெடக்கே சார், இந்தக் கல்லுல எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டார். இதுதான் அழகாக இருக்கிறது என்றோம். அவர் சிரிக்கவில்லை. "போன மழையில என் மருமவளுக்கு வலி எடுத்துச்சு. நூத்தியெட்டு வண்டி பாலத்தோட நின்னுபோச்சு. கட்டில்ல வச்சுத்தான் தூக்கிட்டுப் போனோம்" என்றார். நாங்கள் மறுமொழி எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கு ஞாயிறன்று மட்டும் வாய்க்கும் சாலை அவருக்குத் திங்களும் செவ்வாயும் வாய்க்கிறது. கார்த்திகை அடைமழையில் கிராவல் கரைந்து சேறாகும் நாட்களில் அழகைப் பற்றிப் பேசும் உரிமை எங்களுக்கு இல்லை.

எனவே நம் முதல் கருத்து இதுதான். ஒரு குடியிருப்புக்கு இருக்கும் ஒரே வழி மண்கரை என்றால் அங்கே தார் போட்டே ஆக வேண்டும். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. தார்ச்சாலை வந்தால் முதலில் வந்து படுப்பது நெல் என்று கேலி செய்வோர் உண்டு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும், போதிய களங்கள் இல்லாத நிலையும் சேர்ந்தால் விவசாயி வேறெங்கே காயவைப்பார்?

ஆனால் எல்லாக் கரைகளும் அப்படிப்பட்டவையல்ல. ஒரு கரையில் நல்ல சாலை ஓட, எதிர்க்கரை வெறும் வண்டித்தடமாக இருக்கும் இடங்கள் டெல்டாவில் ஏராளம். அங்கும் தார் போடுவதைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம். கரை முதலில் கரை, அதன்பின்தான் சாலை. வெள்ளக் காலத்தில் நாணலும் மூங்கிலும் மணல்மூட்டையும் கொண்டு ஊர்கூடிக் காத்த அரண் அது. கெட்டிச் சாலை வந்தால் பார வண்டிகளும் வருகின்றன. சாலையை அகலமாக்க மரங்கள் போகின்றன. மரத்தின் வேர் போனால் கரையின் பிடிப்பும் போகிறது. கல்லணைக் கால்வாயில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. மேட்டூர் அணையோடு 1934இல் நிறைவடைந்த அக்கால்வாயைச் சீரமைக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாயின் தரையிலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடியில் நீர் ஊறாது என்று விவசாயிகள் எதிர்த்தனர். வழுவழுப்பாக்குவதெல்லாம் வளர்ச்சி என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

மண்கரையை விட்டுவைப்பது என்றால் கைவிடுவது என்று பொருளன்று. டஸ்கனியிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் இதுவே. சரளைச் சாலை தாரைவிட அதிகக் கவனிப்பைக் கேட்கும். மழை முடிந்ததும் பள்ளங்களை நிரப்பி, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்து, உருளை ஓட்ட வேண்டும். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே ஆண்டுதோறும் இதைச் செய்துவிடலாம். பார வண்டிகளுக்குத் தடை, வரிசையாக மரங்கள், ஒவ்வொரு மதகிலும் அதன் பெயரும் பாசனப் பரப்பும் எழுதிய கல். இவ்வளவு போதும். மக்கள் நடமாடும் கரையில் ஓர் உடைப்புக் கண்டால் அன்றே செய்தி ஊருக்குப் போகும். முள்மண்டிய கரையில் நண்டுவளை பெருவளையாகும்வரை தெரியாது.

அந்தக் கரைகளில் யார் ஓட்டுவார்கள் என்ற கேள்விக்கு டஸ்கனிவரை போக வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தது. பி. சாய்நாத் அதைத் தம் நூலில் உலகறியச் செய்தார். பின்னர் மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு விலையில்லா சைக்கிள்களும் வந்தன. சிட்டியும் தி. ஜானகிராமனும் காரில் சென்று எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வெளியானது. இன்று அப்படியொரு நூலை எழுத முனைபவர் இந்த மாணவியர் போகும் வழியில் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம்.

அந்த அம்மையாரின் ஊர்ப்பாலம் வழியாகத்தான் இப்போதும் நாங்கள் போகிறோம். பாலத்திலிருந்து குடியிருப்புவரை ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். தார் இன்னும் வரவில்லை. அது வந்த பிறகு, எதிர்க்கரையின் மரநிழலைப் பற்றி அவரிடமே பேசிப்பார்க்கலாம் என்றிருக்கிறோம்.