கூலி எது? கூலி யார்?

சொற்களுக்கும் உயர்வும் தாழ்வும் உண்டு. ஒரு மொழியில் மதிப்புடன் வாழ்ந்த சொல் கடல் கடந்து வேற்று மொழியில் புகும்போது இழிவுற்று, அவ்விழிவுடனேயே தாய்வீட்டுக்குத் திரும்பி வருவதும் உண்டு. அத்தகைய ஈரெழுத்துச் சொல் ‘கூலி’.

பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் வழக்குரைஞர்களாகவும் மருத்துவர்களாகவும் விளங்குகின்றனர். இச்சொல்லைக் கேட்டவுடன் அவர்களுள் ஒரு சாரார் முகம் சுளிக்கின்றனர். வகுப்பறையில் இதனை ஒலிக்கவே வேண்டா, ‘சம்பளம்’ என்றோ ‘ஊதியம்’ என்றோ எழுதினால் போதும் என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாராரோ, ஆங்கிலம் முதல் சீனம் வரை உலக மொழிகள் பலவற்றுக்கும் தமிழ் ஈந்த கொடை இச்சொல் என்று மார்தட்டுகின்றனர். முன்னது நாணத்தால் விளைந்த பிழை. பின்னது ஆராயாத பெருமிதத்தால் விளைந்த பிழை. இரண்டையும் தமிழாசிரியர்கள் மறுத்தல் வேண்டும்.

தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறும் பயன். வள்ளுவர் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில், 619ஆம் குறளில், இச்சொல்லை ஆண்டுள்ளார். அங்கு அது இழிசொல் அன்று. ஊழே எதிர்த்து நின்றாலும் உழைப்பு தராமல் விடாத பயனின் பெயர். ‘கூலம்’ என்பது தானியம். மணிமேகலை ஆசிரியர் கூலவாணிகன் சாத்தனார் என்று பெயர் பெற்றதும் தானிய வாணிகத்தால்தான். உழைத்தவனுக்குத் தானியமாக அளந்து கொடுத்ததே கூலி என்று அவ்விரு சொற்களையும் இயைத்துக் காட்டும் அறிஞர் உளர். தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளிலும் கூலி என்பது ஊதியத்தைக் குறிக்கின்றது.

இங்கு ஒன்றை உற்று நோக்க வேண்டும். ஆளைக் குறிக்க வேண்டுமாயின், தமிழ் மரபு ‘கூலியாள்’ என்றும் ‘கூலிக்காரன்’ என்றும் மற்றொரு சொல்லையோ விகுதியையோ சேர்த்துக்கொள்ளும். கூலி வேறு, அதனைப் பெறும் மனிதன் வேறு என்னும் தெளிவு அச்சொல்லமைப்பிலேயே உள்ளது. மனிதனையே கூலி என விளிப்பது பிற்காலத்தில் வந்து புகுந்த வழக்கு.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ முற்றிலும் தமிழிலிருந்து சென்றதுதானா? 1886இல் யூல், பர்னல் ஆகிய இருவரும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி, குசராத்துப் பகுதியில் வாழும் ‘கோலி’ என்னும் மக்களின் பெயரை அதற்கு முதன்மையான மூலமாகக் காட்டுகின்றது; தமிழ்க் கூலியின் சாயல் அதன்மேல் படிந்திருக்கலாம் என்றும் கருதுகின்றது. துருக்கி மொழியில் ‘குல்’ என்றால் அடிமை. ஐதராபாத்து நகரை 1591இல் நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா என்னும் மன்னரின் பெயரிலுள்ள ‘குலி’ அச்சொல்லின் வழிவந்தது. ஊழியன் என்பது அதன் பொருள். சீனர் அச்சொல்லைத் தம் மொழியில் எழுதப் புகுந்தபோது, ஒலிக்கும் பொருளுக்கும் ஒருங்கே பொருந்தும்படி, ‘கசப்பு’, ‘வலிமை’ என்னும் பொருளுடைய ஈரெழுத்துகளைத் தெரிந்துகொண்டனர். மலாயில் அது ‘குலி’ என வழங்குகின்றது. ஆகவே, பல ஊற்றுகள் கலந்த ஆற்றை ஓர் ஊற்றுக்கு மட்டும் உரிமையாக்குதல் ஆராய்ச்சி ஆகாது. ஒலி ஒப்புமை ஒன்றையே நம்பினால், விரிவுரையைக் குறிக்கும் ‘குலியா’ என்னும் மலாய்ச் சொல்லையும் கூலியோடு சேர்க்க நேரும். அதுவோ அரபு மொழியிலிருந்து வந்தது! கப்பலும் கடையும் மலாயில் ‘கப்பால்’ என்றும் ‘கெடாய்’ என்றும் வாழ்வது தமிழுக்குப் பெருமைதான். அப்பெருமை இருக்க, ஐயத்துக்குரியதைப் பற்றிக்கொண்டு ஆரவாரிப்பானேன்?

மேலும், அது தமிழ் தந்த கொடையே என்று வைத்துக்கொண்டாலும், எதனை எண்ணி மகிழ்வது? கடல் கடந்தபோது அச்சொல் எதை இழந்தது என்பதன்றோ கேள்வி! கப்பலேறிய மனிதன் கூலி என்று பெயர் பெற்றான். அவன் பெற வேண்டிய கூலியோ சுருங்கிப்போயிற்று. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பால்மரக் காடுகள் பெருகியபோது, அவற்றுக்கு வேண்டிய தமிழர் ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் ‘கூலி லயங்கள்’ எனப்பட்டன. அதே காலத்தில் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரும் அதே பெயரால் அழைக்கப்பட்டனர். சுமத்ராவின் டெலிப் பகுதியில் டச்சுக்காரர் 1880இல் இயற்றிய கூலிச் சட்டம், வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைத் தண்டனைக்குரியவன் ஆக்கிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளும் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். கூலி வாங்குவோரை மட்டுமன்றி, ஓர் இனத்தையே குறிக்கும் வசையாக அச்சொல் மாறியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும், தோட்டத் தொழிலாளர் அந்நிலையை வாய்மூடி ஏற்றுக்கொண்டனர் அல்லர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில், ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் அவர்கள் ஊதிய உயர்வு கேட்டனர். துரைகளின் முன்னே மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கொடுமையை ஒழிக்குமாறும் கேட்டனர். உரிய கூலியும் வேண்டும், மனிதன் என்னும் மதிப்பும் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டங்களாயிற்று. கூலி என்ற சொல்லுக்கு வள்ளுவர் கண்ட பொருளை அத்தொழிலாளர் மெய்ப்பித்தனர். இதனை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுமாயின், அச்சொல்லை விலக்கிவிட்டு எவ்வாறு உரைப்பது?

புண்படுத்தும் சொல்லைக் கைவிடுதல் நாகரிகம் அன்றோ என வினவலாம். மனிதனை அச்சொல்லால் அழைப்பதைக் கைவிடுதல் நாகரிகமே. அதில் கருத்து வேறுபாடு இல்லை. மொரிசியசுத் தீவினர் போர்ட் லூயித் துறைமுகத்தின் ‘கூலி காட்’ என்ற பெயரை மாற்றி ‘ஆப்பிரவாசி காட்’ என்றனர். ஆயினும் அத்துறையின் வரலாற்றை அவர்கள் மறைக்கவில்லை. அதனைப் பேணிக் காத்தமையால் 2006இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. பெயரைத் திருத்துதல் வேறு. வரலாற்றைப் புதைத்தல் வேறு.

புதைப்பதால் விளையும் தீங்கும் கண்கூடு. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன. இன்று அவற்றில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உழைக்கின்றனர். பாட்டனை அவமதித்த அதே சொல்லை அவர்கள்மீது எறியும் பேரன்மார் இல்லையா? கூலி என்று தன்னை அழைத்தால் சீறுபவன் பிறரை அவ்வாறு அழைக்கத் தயங்காமைக்குக் காரணம், அச்சொல்லின் வரலாறு அவனுக்குக் கற்பிக்கப்படாமையே. தன் குடும்பத்தின் காயத்தை அறிந்தவன் அதனைப் பிறர்க்குச் செய்யான்.

ஆதலால், ஆசிரியர்கள் இச்சொல்லைக் கரும்பலகையில் துணிந்து எழுதுக. கூலி எது என்று வினவினால், உழைத்தவனுக்கு உரிய கடன் என்று மாணவன் விடையளிக்க வேண்டும். கூலி யார் என்று வினவினால், அவ்வினாவே பிழை என்று அவன் திருத்த வேண்டும்.