எங்களுக்கு எதற்குப் பிரெஞ்சு?

சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பாகத் தொடக்கநிலைப் பிரெஞ்சு படிக்கிறேன் என்று சொன்னால் மதுரையில் இரண்டு வகை ஆட்கள் சிரிக்கிறார்கள். ஒருவர் தமிழ்ப் பற்றாளர். "தமிழ் எம்.ஏ. படிச்சுப்புட்டு அன்னிய மொழிக்குப் போறீங்களே தோழர்" என்பார். அவர் வீட்டுப் பிள்ளை எந்த மொழியில் படிக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இன்னொருவர் நமக்கு நல்லது நினைக்கிற கனவான். "ஒங்க பிள்ளைகளுக்கு தையல், ஏ.சி. மெக்கானிக்குன்னு வேலைக்கு ஆகுறதாப் பாருங்க. பிரெஞ்செல்லாம் என்னத்துக்கு?" என்பார். முதலாமவர் நம்மைத் தமிழுக்குக் காவல் போடுகிறார். இரண்டாமவர் கைத்தொழிலுக்குள் வைத்துப் பூட்டுகிறார். இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது, சென்னையில் 1996இல் தொடங்கியது என்று இந்தச் சமுதாயக் கல்லூரிகள் வந்ததே படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்காகவும் ஏழைகளுக்காகவும்தான். தொழில் கற்றுக்கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திறன் என்றால் நமக்குக் கைத்திறன் மட்டும்தானா? வாய்த்திறனும் வாசிப்புத்திறனும் யாருடைய பரம்பரைச் சொத்து?

தமிழ்நாட்டில் பிரெஞ்சு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பிளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சை எடுத்து மதிப்பெண் குவிக்கிற வழி வசதிபடைத்த தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகத் திறந்தே கிடக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயமாக்கியது பத்தாம் வகுப்பு வரைதான். பரீட்சை முடிந்த மறுநாளே அந்த மொழியை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது ஏணி. ஏறியாச்சு, எட்டி உதைச்சாச்சு. நமக்கு அந்த மொழியில் வேறு கணக்கு இருக்கிறது.

பிரெஞ்சு அகராதியில் 'பாரியா' என்று ஒரு சொல் உண்டு. தீண்டத்தகாதவன், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். பறையர் என்ற பெயர்தான் போர்த்துக்கீசியர் வழியாக அங்கே போய் இப்படி ஆனது. உலகம் ஒதுக்கிவைத்த நாட்டையும் அவர்கள் 'பாரியா நாடு' என்றே எழுதுகிறார்கள். ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண் 1838இல் தன் பயணக் கதைக்குத் தலைப்பு வைத்தபோது தன்னையே பாரியா என்றாள். 1922இல் பாரிசில் ஹோ சி மின்னும் காலனி நாட்டுத் தோழர்களும் நடத்திய பத்திரிகையின் பெயரே 'லெ பாரியா'. நம் பெயரை வசவாக்கியவர்களும் உண்டு, அதையே ஆயுதமாக்கியவர்களும் உண்டு. இத்தனையும் நம் பெயரில் நடந்திருக்கிறது, நமக்கு மட்டும் தெரியாது!

இதை விடுங்கள், நம் மண்ணுக்கே வருவோம். லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊரில் தங்கி ஆராய்ந்து 1957இல் பிரெஞ்சில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அது ஆங்கிலத்துக்கு வரவே 1986 ஆயிற்று. இடையில் 1966இல் அவர் எழுதிய 'ஹோமோ ஹையரார்க்கிகஸ்' உலகம் முழுக்கச் சாதிக்குப் பாடநூல் ஆனது. தூய்மை-தீட்டு என்கிற மதிப்பீட்டில்தான் சாதி நிற்கிறது, அதிகாரம் அதற்கு அடங்கியது என்பது அவர் வாதம். எல்லோரும் மனசார ஒப்புக்கொண்ட ஒழுங்கு போல அதில் சாதி தெரிகிறது. அப்படியானால் அதே மதுரை மேற்கில், உத்தப்புரத்தில் 1989இல் எதற்குச் சுவர் எழுப்பினார்கள்? ஒப்புக்கொண்டவனுக்கு எதற்கய்யா சுவர்? போராடிப் போராடி 2008இல்தான் அதில் ஒரு பகுதியை இடிக்க முடிந்தது. இந்தக் கேள்வியைத் துய்மோனின் மொழியிலேயே அவருடைய வாரிசுகளிடம் கேட்க ஆள் வேண்டாமா?

புதுச்சேரிக்குப் பக்கத்துச் சேரியில் வாழ்ந்த வீரம்மா தன் கதையைத் தமிழில் சொன்னார். ஜோசியான் ரசீனும் ழான்-லுக் ரசீனும் அதை நூலாக்கினார்கள். 1995இல் முதலில் வந்தது பிரெஞ்சில், 1997இல் ஆங்கிலத்தில். நம் கிழவி சொன்ன கதையை நமக்கு முன்னால் பாரிஸ்காரன் படித்துவிட்டான். தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் பூக்கோ, தெரிதா பெயர்கள் ஆடாத ஆட்டமா? அத்தனையும் ஆங்கிலம் வழியாக வந்த சரக்கு. அந்த வாசலில் நின்று வாங்கித் தந்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்?

சரி, பாடம் எப்படி இருக்கிறது? முதல் பாடமே பெயர் என்ன, எந்த ஊர், என்ன தொழில் என்பதுதான். மேலூர் பஸ்ஸிலும் உசிலம்பட்டி பஸ்ஸிலும் நம்மிடம் காலமெல்லாம் கேட்ட கேள்விகள். "எந்த ஊரு தம்பி? ஊருக்குள்ளயா, காலனியா? அப்பா என்ன செய்றாக?" வகுப்பில் அதே கேள்விக்குப் பதில் சொன்னால் வினைச்சொல் சரியா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். அடுத்த பாடம் 'தூ', 'வூ'. 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். அல்ஜீரியாவில் வெள்ளைக் குடியேறிகள் அரபியரை வயசு பார்க்காமல் 'தூ' போட்டார்கள். இங்கே நரைத்த தலையை ஊர்ப் பொடியன் வாடா போடா என்கிறான். இந்த இலக்கணத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் விளக்குகிறார்கள். இங்கேதான் சூழ்ச்சமம் இருக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை முதலில் ஆங்கிலச் சுவர் ஏற வேண்டும், பிறகு பிரெஞ்சுச் சுவர். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலோ வந்தேன், வந்தாய், வந்தீர்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. பிரெஞ்சு வினையும் அப்படித்தான். தன்மை, முன்னிலை, படர்க்கை தெரிந்த பிள்ளைக்குத் தமிழில் சொன்னால் டக்கென்று பிடிபடும். ஆங்கிலத்தைச் சுற்றிப் போகச் சொல்வது பாடத்தின் தேவை அல்ல, வடிகட்டுகிற வேலை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான். சமுதாயக் கல்லூரிகளில் தையலுக்கும் மெக்கானிக்குக்கும் பக்கத்திலேயே மொழி வகுப்பும் இருக்கட்டும். கூலி வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில், கட்டக்கூடிய கட்டணத்தில் இருக்கட்டும். தமிழ் வழியாகவே பிரெஞ்சு சொல்லித்தரும் பாடநூலை நம் ஆட்களே எழுதட்டும். ஒரு பத்துப் பிள்ளைகள் படித்து வந்தால் போதும். நம்மைப் பற்றி அங்கே எழுதிக் குவித்ததைத் தமிழுக்குக் கொண்டுவரவும், தப்பாக எழுதியதை மறுத்து அங்கேயே எழுதவும் அந்தப் பத்துப் பேர் காணும்.