சேமித்த பக்கத்தில் கை வைக்கும் முன்...

வானொலி நிகழ்ச்சிக்குத் தகவல் திரட்டும்போது ஒரு நல்ல கட்டுரை கண்ணில் பட்டால், முகவரியை மட்டும் குறித்து வைப்பதில்லை. கன்ட்ரோல் எஸ் தட்டி, பக்கத்தையே கணினியில் சேமித்துவிடுவேன். இன்றிருக்கும் பக்கம் நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது. எத்தனையோ பேரின் சொந்தப் பக்கங்களைத் தாங்கியிருந்த ஜியோசிட்டீஸை 2009இல் யாஹூ மூடிவிட்டது நினைவிருக்கலாம்.

முழுப் பக்கமாகச் சேமித்தால் ஓர் எச்டிஎம்எல் கோப்பும், படங்கள் அடங்கிய ஒரு கோப்புறையும் வரும். கோப்பை மட்டும் புலனத்தில் அனுப்பினால் அந்தப் படங்கள் கூடவே போகாது.

இனி திருத்தம். சேமித்த கோப்பை லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் திறந்தால், விளம்பரங்களை நீக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். கண்ணாடியைத் தேடும் அம்மாவுக்குச் சமையல் குறிப்பை அச்செடுத்துக் கொடுக்க இது போதும். நோட்பேடில் திறந்தால் குறியீடுகளுக்கு நடுவே வாசகம் இருக்கும், அங்கேயும் மாற்றலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சேமிக்கும்போது 'என்கோடிங்' என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்க வேண்டும். பழைய விண்டோஸில் அங்கே 'ஆன்சி' இருந்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

நாம் என்ன மாற்றினாலும் அது நம் கணினியோடு சரி. உண்மையான தளத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. ஆனால், திருத்திய பக்கத்தின் தலையில் அந்தத் தளத்தின் பெயரும் சின்னமும் அப்படியே நிற்கும். சிக்கலே அங்குதான்.

அண்மையில் நேயர் ஒருவர் ஒரு செய்திப் பக்கத்தின் படத்தை அனுப்பி, "இதைக் கட்டாயம் வாசியுங்கள்" என்றார். தளத்திற்குப் போய்ப் பார்த்தேன். தலைப்பு வேறு, உதவித்தொகையும் வேறு! யாரோ ஐந்து நிமிடத்தில் செய்த வேலை. பாவம், அவர் நம்பிவிட்டார். நான் வாசித்திருந்தால் எத்தனை பேர் மனுபாரத்தோடு வரிசையில் நின்றிருப்பார்கள்?

அதனால் என் வழக்கம் இதுதான். மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் மட்டுமே திருத்துவேன். நகலின் பெயரிலேயே 'திருத்தியது' என்று எழுதி, எடுத்த தேதியையும் முகவரியையும் சேர்த்துவிடுவேன். பிறருக்கு அனுப்புவதானால் தளத்தின் இணைப்பைத்தான் அனுப்புவேன்.

உங்களுக்கும் அப்படியொரு படம் வந்தால், பகிரும் முன் அந்தத் தளத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!